எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு நான் தரும் நாலு நட்சத்திரம்

எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு மேப்பில் இதுவரை ஒரே ஒரு விமர்சனம்தான் இருக்கிறது. "டாக்டர் எப்பப் போனாலும் இருக்க மாட்டாங்க" என்று ஒரு வரி, ஒரு நட்சத்திரம். எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. நானே மூன்று முறை மாட்டைப் பிடித்துக்கொண்டு போய், கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஆனால் அந்த டாக்டர் மருந்தகத்தில் இல்லாத நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று ஒரு நாள் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ஒற்றை நட்சத்திரம் கண்ணில் படும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஆரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரி, ஆறேழு ஆடு, வாசலில் ஒரு நாய். பாலைச் சொசைட்டியில் ஊற்றுகிறோம், வீட்டுச் செலவில் பாதி அதில்தான் ஓடுகிறது. ஊரின் பெயரையும் டாக்டரின் பெயரையும் வேண்டுமென்றே போடவில்லை. நாலு வருஷமாக அவரிடம்தான் போகிறோம், ஊரில் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஏரிக்கரை ஓரம் இரண்டு அறை உள்ள பழைய கட்டடம் அது. முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் மாட்டை உள்ளே விட்டு நிறுத்துகிற இரும்புக் கம்பிக் கூண்டு. காலை எட்டு மணிக்கே ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டும், கோழியைக் கூடையில் வைத்து மேலே துணி கட்டிக்கொண்டும் ஆட்கள் வந்துவிடுவார்கள். உள்ளே ஒரு மூலையில் நைட்ரஜன் கேன் நிற்கும், மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் அதற்குள் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் கிடக்கின்றன. டாக்டரம்மா இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, நுனியைக் கத்தரித்து, தோள்வரை ஏறுகிற பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதை என் பையன் முதல் தடவை பார்த்தபோது, ஏன் அதைத் தண்ணீரில் போட்டீர்கள் என்று கேட்டான். வரிசையில் இருபது பேர் நின்றார்கள், அப்படியும் அவனுக்கு நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மாட்டிடம் போனார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

போன ஐப்பசியில் எங்கள் பெரிய மாடு மூன்றாவது ஈத்து. ராத்திரி பத்து மணிக்கு நல்லபடியாகக் கன்று போட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, நிம்மதியாகப் படுத்தோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மாடு எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாப் பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறது, காதைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் மிளகு, சுக்கு போட்டுக் கஷாயம் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி மாட்டின் வாயைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போனை எடுத்தார். நான் பாதிதான் சொல்லியிருப்பேன், "வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம், மாட்டை நெஞ்சுல சாய்ச்சு உட்கார வைங்க, ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்க, வந்துட்டேன்" என்றார். அந்த நிலையில் மாட்டுக்கு விழுங்கவே சக்தி இருக்காதாம், ஊற்றினது எல்லாம் நுரையீரலுக்குப் போய் அதிலேயே மாடு செத்துப்போகும் என்று அப்புறம் சொன்னார். கஷாயம் காய்ச்சினவர் முகம் சுண்டிப்போனது, அவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதையும் டாக்டரம்மாவே அவரிடம் சொன்னார்.

நாற்பது நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுப் போகும். கன்று போட்டவுடன் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து நிறைய மடிக்கு இறங்கிவிடுவதால், தசை வேலை செய்யாமல் மாடு படுத்துவிடுகிறது. நிறையப் பால் கறக்கிற கலப்பின மாட்டுக்குத்தான் இது அதிகம், அதுவும் கன்று போட்டு மூன்று நாளைக்குள். கால்சியம் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, பாட்டிலை என் கையில் உயரமாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் இடது முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் ஒவ்வொரு துடிப்பாகக் கேட்டுக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். நடுவில் இரண்டு முறை கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

பாதிப் பாட்டில் போனபோது மாட்டின் தொடையில் தோல் சிலிர்க்கிற மாதிரி ஒரு நடுக்கம் வந்தது. பிறகு ஒரு ஏப்பம். வறண்டு கிடந்த மூக்கில் பனி விழுந்த மாதிரிப் பொட்டுப் பொட்டாக ஈரம் பூத்தது. சாணி போட்டது. பாட்டில் முடிந்து கால் மணி நேரம் இருக்கும், முன்னங்காலை ஊன்றிப் பார்த்து, பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி நின்று, திரும்பிக் கன்றைப் பார்த்துக் கத்தியது. அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரெண்டு மூணு நாளைக்கு முழுசாக் கறந்துடாதீங்கம்மா, கன்னுக்கு வேண்டியது மட்டும் கறங்க, மடியில கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த ஊருக்குக் கிளம்பினார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இதுவரை சொன்னது மாட்டுக்கு. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதுவதற்கான காரணம்.

அதற்கு முந்தைய வருஷம் பெரியப்பா வீட்டில் ஒரு பசு திடீரென்று தீனி எடுக்காமல் நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது, தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறது, குடிக்க முடியவில்லை. தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். எங்கள் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு முழங்கை வரைக்கும் மாட்டின் வாய்க்குள் விட்டுத் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. அன்று காலையில்தான் கருக்கு வெட்டும்போது அதே கையில் இரண்டு கீறல் விழுந்திருந்தது. பெரியம்மாவும் மருமகளும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா வந்தார், தூரத்தில் நின்றபடியே ஐந்து நிமிஷம் பார்த்தார், மாட்டைத் தொடவில்லை. மாடு கத்தியது, குரல் கரகரவென்று உடைந்து, ஒரு மாதிரி நீளமாகப் போனது. "மாட்டை நாய் எதுனா கடிச்சுதா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்கு நினைவில்லை, மருமகள்தான் சொன்னார், ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மேய்ச்சலில் ஒரு நாய் பின்னங்காலைக் கவ்வியது, சின்னக் காயம், மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது என்று. உடனே டாக்டரம்மா பெரியப்பாவிடம் திரும்பி, "ஐயா, கையை வாயில விட்டீங்களா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மாட்டுக்கு மருந்து இல்லை. வெறிநோயில் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மாடானாலும் மனிதரானாலும் காப்பாற்ற வழி கிடையாது என்பதை அவர் எங்களுக்குச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாம் மனிதர்களுக்குத்தான். பெரியப்பாவை மோட்டார் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கையைக் கழுவச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஐந்து நிமிஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார், விடவில்லை. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, இந்த இரண்டு நாளில் மாட்டைக் கறந்தது யார், எச்சில் யார் மேல் பட்டது, பச்சைப் பால் குடித்தது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். ஒன்பது பேர் வந்தார்கள். காய்ச்சின பால் குடித்தவர்களிடம் பயப்பட வேண்டாம் என்றார். மற்றவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கே இருந்த டாக்டரிடம் போனில் தானே பேசினார். ஏனென்றால் மாட்டு எச்சிலுக்கு நாய்க்கடி ஊசி எதற்கு என்று யாராவது திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. பெரியப்பாவுக்குக் கையில் கீறல் இருந்ததால் தடுப்பூசியோடு சேர்த்துப் புண்ணைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும் என்று தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசி. ஒவ்வொரு தேதிக்கும் முந்தின நாள் சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து பெரியப்பாவுக்குப் போன் வந்துவிடும்.

மாடு நாலாம் நாள் இறந்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, தோலை உரிக்க விடாமல் நின்று புதைக்க வைத்தார். அதோடு விடவில்லை. அந்த நாய் எந்தத் தெருவில் சுற்றியது, வேறு எந்த ஆட்டை, மாட்டைக் கடித்தது என்று இரண்டு நாள் விசாரித்துவிட்டு, பஞ்சாயத்துத் தலைவரைக் கூட வைத்துக்கொண்டு தெரு நாய்களுக்கு ஊசி போட்டார். மனிதர்களுக்கு வருகிற வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான் வருகிறது, ஒரு ஊரில் நூறு நாய்க்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்க எளிதாக இருக்கிறது. சுருக்கு வலையை வைத்துக்கொண்டு வெயிலில் தெருத் தெருவாக ஓடுகிறவர்களைப் பார்த்தால்தான் அந்த எழுபதுக்கு என்ன உழைப்பு என்று தெரியும்.

அந்த இரண்டு நாளும் மருந்தகம் பூட்டித்தான் கிடந்தது.

பெரியப்பா இன்றைக்கு நன்றாக இருக்கிறார், காலையில்தான் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். அன்றைக்கு யாராவது ஒரு போலி ஆள் வந்து, தொண்டை வீக்கம் என்று ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

போலி என்று சொன்னதால் என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். டாக்டரம்மா கிடைக்காத ஒரு நாளில், பையில் ஊசி மருந்து வைத்துக்கொண்டு வீடு வீடாக வருகிற ஒருவரைக் கூப்பிட்டோம். சின்ன மாட்டுக்கு மடிநோய், ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மூன்று நாள் ஊசி போட்டார், எண்ணூறு ரூபாய், சரியாகவில்லை. என்ன மருந்து என்று கேட்டால் சொல்லமாட்டார், சீட்டு கிடையாது, பாலை ஊற்றலாமா என்று கேட்டதற்கு "தாராளமா ஊத்துங்க" என்றார். நாலாம் நாள் மருந்தகத்துக்குப் போனபோது டாக்டரம்மா நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, ஒரு ஊதா நிற மருந்தை ஊற்றிச் சுற்றிக் காட்டினார். மூன்று குழியில் தண்ணீர் மாதிரி ஓடியது, ஒன்றில் கஞ்சி மாதிரிக் கெட்டியாகிவிட்டது. பக்கத்துக் காம்புகளில் நோய் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன மருந்து போட்டிருக்கிறது என்றே தெரியாததால் அவருக்கும் சிகிச்சை சிரமமாகிவிட்டது. அவர் கொடுத்த சீட்டில் மருந்தின் பெயரும், எந்தத் தேதிவரைக்கும் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்பதும் எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. மருந்து கலந்த பால் குழந்தைகள் வயிற்றுக்குப் போனால், நாளைக்கு அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று நாள் ஊற்றிவிட்டேனே. அதற்கப்புறம் பாலைக் கொட்டினதில் வந்த நஷ்டம் எனக்குப் பெரிதாகவே தோன்றவில்லை.

மடிக்கு மேலே தடவ ஒரு பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து, தண்ணீர் சேர்த்து இளக்கி, மடியைக் கழுவிவிட்டு நாளைக்குப் பலமுறை பூச வேண்டும். இதைத் தேசிய பால்வள வாரியமும் பரப்புகிறது. ஆரம்ப நிலையிலேயே பூசினால் பல நேரம் ஊசி வரைக்கும் போகவே தேவையில்லை, நாங்கள் அதற்குப் பிறகு இரண்டு முறை அப்படித்தான் சமாளித்தோம்.

அந்தப் பை ஆள் வலிக்கு என்று போட்டது மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்காக இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார், காலிக் குப்பி இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு, இந்தியாவில் அந்த இனமே கிட்டத்தட்ட அழிந்துபோனது. தமிழ்நாட்டில் மாயாறு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. கழுகு போனால் செத்த மாட்டைத் தின்ன நாய்தான் வரும், நாய் பெருகினால் பெரியப்பா வீட்டில் நடந்தது இன்னும் பல வீட்டில் நடக்கும். ஒரு ஊசி மருந்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பதை எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

தடுப்பூசி விஷயத்தில் ஊர்க்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி, நாலு மாதம் தாண்டின கன்று முதல் எல்லா மாட்டுக்கும், இலவசம், வீட்டு வாசலுக்கே ஐஸ் பெட்டியோடு வருகிறார்கள். காதில் 12 இலக்க எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்டி, அந்த எண்ணில் பதிவும் செய்துகொள்கிறார்கள். ஆனால் ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் பால் குறைகிறது என்று பலர் அன்றைக்குப் பார்த்து மாட்டை ஏரிப் பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். 2013-ல் கோமாரி வந்தபோது எங்கள் மாடு ஒன்று வாயெல்லாம் புண்ணாகி, குளம்பு கழன்று, ஒரு மாதம் கிடந்தது. பிழைத்தது, ஆனால் பழைய பாலுக்குத் திரும்பவே இல்லை, வெயில் ஏறினால் நாய் மாதிரி இரைக்கும். அதைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டு நாள் பாலைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

என் பாட்டி வெக்கை நோய் என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார். ஊருக்குள் வந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும், உழ மாடு இருக்காது, மாடு போன வருஷம் சோறும் போகும். இன்றைக்கு அந்த நோய் உலகத்திலேயே இல்லை. 2011-ல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள், மனிதர்களின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக முழுக்க ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுதான். பாட்டி காலத்திலிருந்து ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போட்ட கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் செய்த வேலை அது, ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. எங்களுக்குப் பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் 1932-ல் ஆரம்பித்த கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கும் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் தடுப்பூசி அங்கே தயாராகிறது. ஆற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அடைப்பான் என்றதும் ஒன்று. ஆடு மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசன வாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால், தயவுசெய்து அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறிக்கும் கொடுக்காதீர்கள், முதலில் டாக்டருக்குச் சொல்லுங்கள். அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், அறுத்தவர் கைக்கும் வரும்.

கிடாரிக்குப் போன மாதம், சினையைப் பாதியில் கலைக்கிற கன்று வீச்சு நோய்க்கான ஊசி போட்டார். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் பெண் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. வழக்கமாகக் கையுறை மட்டும் போடுகிறவர் அன்றைக்குக் கண்ணாடியும் முகக் கவசமும் மாட்டிக்கொண்டார், என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, கண்ணில் தெறித்தாலோ ஊசி தவறிக் கையில் குத்தினாலோ போடுகிறவருக்கே நோய் வரலாம், விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக் கணக்கில் படுத்தும். கன்று திமிறிய திமிறலில் அந்தச் சிரிஞ்சை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாடு கன்று வீசினால் நஞ்சை வெறும் கையால் எடுக்காதே என்று என் மனைவியிடம் அன்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதுவரை எங்கள் வீட்டில் எல்லாரும் வெறும் கையால்தான் எடுத்திருக்கிறோம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது. முதல் குறை, ஒரு டாக்டருக்கு மூன்று மருந்தகம். எங்களுடையதைத் தவிர இன்னும் இரண்டு இடத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், எந்த நாள் எங்கே இருப்பார் என்று கதவில் ஒரு தாள்கூட ஒட்டியிருக்காது. மாட்டை நாலு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று போனவர்களுக்குத்தான் தெரியும், ஒரு தாள் ஒட்டுவதற்கு என்ன செலவு? அடுத்தது மருந்து. குடற்புழு மருந்து பெரும்பாலும் இருக்கும், மற்றவை பாதி நாள் வெளியில்தான் வாங்க வேண்டும், அதற்கு ஆரணிக்குப் போக வேண்டும். ரத்தம், சாணி பரிசோதிக்க அங்கே வசதி கிடையாது. உதவியாளர் இடம் காலியாக இருப்பதால் மாட்டைப் பிடிக்க நாம்தான் ஆள் கூட்டிப் போக வேண்டும். அப்புறம் டாக்டரம்மா மேலேயே ஒரு குறை. சின்ன மாடு மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை, கூட்ட அவசரத்தில் முதல் இரண்டு முறை கருப்பையைச் சரியாகச் சோதிக்காமலே போட்டுவிட்டார், மூன்றாவது முறைதான் கருப்பையில் சீழ் இருப்பது தெரிந்தது. இரண்டு மாதம் போனது போனதுதான். அவரிடமே சொன்னேன், "ஆமாங்க, நான் முதல்லயே பார்த்திருக்கணும்" என்றார், மறைக்கவில்லை. இருந்தாலும் குறை குறைதான்.

அவர் விடுப்பில் இருந்தபோது ஒரு முறை கால்நடை உதவி எண்ணான 1962-க்குப் போன் செய்தோம், மாட்டுக்கு நஞ்சு விழவில்லை. ஊரையும் மாட்டின் நிலைமையையும் கேட்டுக்கொண்டு, மதியத்துக்குள் நடமாடும் வண்டி வந்தது, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், ஓட்டுநர். நல்ல சேவை, இலவசம், நம்பரைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வந்தபோது சென்னையில் தம்பி வீட்டில் இருந்தோம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 1903-லிருந்து நடக்கிற கல்லூரி அது, அங்கேயே ஆஸ்பத்திரி. மாணவர்களும் பெரிய டாக்டர்களும் நாலைந்து பேராகச் சுற்றி நின்று பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றி ஏற்றியே குட்டியைப் பிழைக்க வைத்தார்கள். 2019-ல் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்ததும் அங்கேதான். தெருவில் எச்சில் சாப்பாட்டைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வீசுகிறவர்கள் அந்தப் படங்களை ஒரு முறை பார்க்க வேண்டும்.

எங்கள் மருந்தகத்துக்கு நான் கொடுப்பது 5-க்கு 4. குறைத்த ஒன்று அந்த ஒட்டாத தாளுக்கும் இல்லாத மருந்துக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். செவ்வாய்க்கிழமை சந்தை நாள், அன்றைக்குப் போகாதீர்கள், ஆட்டுக் கூட்டத்தில் உங்கள் முறை வரப் பதினொரு மணி ஆகிவிடும். மாடு சினைக்குக் கத்தினால் எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பித்தது என்று பார்த்துவைத்துக்கொண்டு போங்கள், காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை போட்டால்தான் பிடிக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வயிறு உப்பின மாடுகள்தான் வாசல் முழுக்க நிற்கும், அதனால் பொங்கலை ஒரு கைப்பிடி மட்டும் ஊட்டிவிட்டு மீதியை வீட்டில் சாப்பிடுங்கள், அரிசிச் சோறு நிறையப் போனால் மாட்டு வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் ஆரம்பித்து வருஷா வருஷம் வெறிநோய் ஊசி, ஜூலை 6 அன்று பல இடங்களில் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள். கயிறும், மாட்டைப் பிடிக்க ஒரு ஆளும், பழைய சீட்டும் கையோடு இருக்கட்டும். போவதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள், எடுக்கவில்லை என்றால் கையில் ஏதோ வேலையாக இருக்கிறார் என்று அர்த்தம், அரை மணி நேரத்தில் அவரே திருப்பிக் கூப்பிடுவார்.